வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறையில் பழந்தமிழ்

பழந்தமிழ் நூல்களை இன்றைய பள்ளி மாணவர்களுக்கு எவ்வாறு புதுக்கித் தருவது என்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் விடை தரப்படுகிறது. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். செய்யுள் என்றாலே மாணவர்கள் மிரளுகிறார்கள். சங்கப் பாடல்களை இக்காலக் கவிதை நடையில் மாற்றி எழுதி, அதையே பாடமாக வைத்துவிட்டால் என்ன என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. தங்கள் கருத்து என்ன?
(தமிழாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மாற்றி எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. அதையே பாடமாக வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காரணத்தை ஒரு பாடலைக் கொண்டே சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பாடநூலில் ‘புலி தங்கிய குகை’ என்ற தலைப்பில் வரும் காவற்பெண்டின் பாட்டு, புறநானூற்றில் 86ஆவது:

சிற்றில் நற்றூண் பற்றி நின்மகன்
யாண்டுள னோஎன வினவுதி என்மகன்
யாண்டுள னாயினும் அறியேன் ஓரும்
புலிசேர்ந்து போகிய கல்அளை போல
ஈன்ற வயிறோ இதுவே
தோன்றுவன் மாதோ போர்க்களத் தானே

மகன், தூண், புலி, கல், வயிறு, போர்க்களம் ஆகிய சொற்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தவை. ‘யாண்டு’ என்றால் எங்கே, ‘அளை’ என்றால் குகை என்று சொல்லிவிட்டு, ‘ஓரும்’, ‘மாதோ’ இரண்டும் பொருள் தராமல் ஓசைக்காக நிற்கும் அசைகள் என்றும் கூறிவிட்டால் பாட்டில் பூட்டியிருக்கும் கதவு ஒன்றும் இல்லை. இதற்கு ‘என் மகன் மாவீரன், எங்கே போர் நடக்கிறதோ அங்கே இருப்பான்’ என்று ஒரு புது வடிவம் எழுதலாம். பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மூலத்தில் அந்தத் தாய் முதலில் ‘அறியேன்’ என்கிறாள். பிறகு தன் வயிற்றைக் காட்டுகிறாள். போர்க்களம் என்ற சொல் கடைசி அடியில்தான் வருகிறது. மகனை வீரன் என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. விடையைத் தள்ளித் தள்ளி வைக்கும் இந்த வைப்புமுறைதான் கவிதை. புது வடிவம் அதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறது.

மாணவர்கள் மிரளுவது இந்த ஆறு அடிகளைக் கண்டு அன்று என்பதே என் எண்ணம். பாட்டை ஒருமுறை ஓசையுடன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், மனப்பாடப் பகுதி என்று அடுத்தடுத்து வந்து நிற்கும் வரிசையைக் கண்டுதான் அவர்கள் மிரளுகிறார்கள். ஆகவே முதலில் புதுக்க வேண்டியது அந்த வரிசையை. முதல் வகுப்பில் பாட்டை இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தூணைப் பற்றி நின்று கேட்பவர் யாராக இருக்கலாம், வீடு ஏன் ‘சிற்றில்’ எனப்படுகிறது, கேட்டவருக்கு இந்த விடை மகிழ்ச்சி தந்திருக்குமா என்று மட்டும் கேளுங்கள். பகுபதம் இரண்டு நாள் பொறுத்து வந்தால் குறைந்துபோகாது. இக்காலக் கவிதை வடிவத்தை மாணவர்களையே எழுதச் சொல்லி, மூலத்தின் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். எது விட்டுப்போயிற்று என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: இக்காலப் பதிப்புகளில் சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள். இது யாப்பைச் சிதைக்காதா? எளிமை என்ற பெயரில் செய்யப்படும் முதல் சிதைவு இதுதான் என்பது என் கருத்து.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

பதில்: அய்யா, ஏட்டுச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை, அடிகள் தனித்தனி வரியாக மடக்கி எழுதப்படவில்லை, பெரும்பாலும் புள்ளி கூட இடப்படவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, அடி பிரித்தும் பாடவேறுபாடு காட்டியும் குறிப்புரை சேர்த்தும் வெளிவந்த அந்தப் பக்கம், சுவடி எழுதிய எவரும் கண்டிராத ஒன்று. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புகள் தமிழாசிரியர் அல்லாத பலரின் கைகளுக்கும் சங்க நூல்களைக் கொண்டு சேர்த்தன. பக்கத்தின் தோற்றத்தைப் படிப்பவருக்கு ஏற்ப மாற்றுவது நம் பதிப்பு மரபுக்குள் அடங்கிய செயல்தான்.

தாங்கள் கூறும் கேடு ஓரிடத்தில் உண்மை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த இடத்தில் பிரித்தால் ஓர் அசை கூடிவிடுகிறது. மேலே காட்டிய பாட்டில் ‘யாண்டுளன்’ என்பதை ‘யாண்டு உளன்’ என்று பிரித்து வாய்விட்டுப் படித்தால் ஓசை இடறும். எனவே எட்டாம் வகுப்பு வரை பிரித்த வடிவத்தை அச்சிட்டு, ஆசிரியர் சேர்த்துப் படித்துக் காட்டலாம். அலகிடக் கற்கும் வகுப்புகளில் இரு வடிவங்களையும் எதிரெதிரே தரலாம். ஏன் பிரிந்தது, ஏன் சேர்ந்தது என்று மாணவர் கேட்டால் புணர்ச்சி இலக்கணத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

கேள்வி: என் மகன் சிலப்பதிகாரத்தைப் படக்கதையாகப் படித்து முடித்துவிட்டான். இப்போது பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம் போடுகிறார்கள். ‘பழைய வசனம் யாருக்கும் புரியாது’ என்று சொல்லித் திரைப்படப் பாணியில் பக்கம் பக்கமாக எழுதித் தந்திருக்கிறார்கள். கதை தெரிந்தால் போதாதா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தாய், ஆவடி)

பதில்: அம்மா, படக்கதை நல்ல தொடக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட நூலின் கதைப்போக்கு மனத்தில் பதிந்துவிட்டால், பின்னர் எந்தக் காதையைத் திறந்தாலும் வழி தவறாது. கானல்வரியும் வேட்டுவ வரியும் ஆய்ச்சியர் குரவையும் படக்கதைக்குள் அடங்குவதில்லை. அவை பாட்டுகள், அவற்றைக் கேட்கத்தான் வேண்டும்.

நாடகத்தைப் பற்றியோ எனக்கு வருத்தம் உண்டு. வழக்குரை காதையைப் பொறுத்தவரை புதிதாக வசனம் எழுதத் தேவையே இல்லை, ஏனெனில் இளங்கோவடிகள் அதை உரையாடலாகவே எழுதி வைத்திருக்கிறார். அரசன் கேட்கிறான்: ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ மடக்கொடியோய்?’ அவள் ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று தொடங்கி, முதலில் தன் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனும், கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். நீதி தவறிய அவையில் நீதிக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயரைச் சொல்வதே முதல் வாதம். கணவன் பெயரும் தன் பெயரும் பிறகுதான் வருகின்றன. அரசன் சட்டம் பேசுகிறான்: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.’ அவள் சான்று பேசுகிறாள்: ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.’ அதாவது என் சிலம்பின் பரல் மாணிக்கம். அதற்கு அரசன் சொல்லும் விடையைத்தான் மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்:

தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி
யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே

நீ சொன்னது நேரிய சொல், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அவன் எதிராளியின் சான்றை அங்கேயே ஏற்றுக்கொண்டு சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். அவள் உடைக்கிறாள், மணி அரசன் முகத்துக்கு நேரே தெறிக்கிறது, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் வீழ்கிறான். கூச்சல் மிகக் குறைவு. ஓர் அடியில் கேள்வி, ஓர் அடியில் மறுமொழி என்று போகும் வழக்கு இது. இதைப் பக்கம் பக்கமான ஆவேச வசனமாக்கும்போது பாண்டியன் வெறும் கொடியவனாகிவிடுகிறான்; தவற்றை உணர்ந்த கணத்தில் உயிர்விட்ட நீதிமான் காணாமற்போகிறான்.

எனவே மூல அடிகளை நடிப்பவர்கள் பேசட்டும். மேடையோரத்தில் கட்டியங்காரன் ஒருவனை நிறுத்தி, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்பாக இன்றைய தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வைக்கலாம். கூத்து மரபில் கட்டியங்காரன் செய்துவந்த வேலைதானே அது. கிழக்கிலங்கையில் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ என்ற நூலைப் பாடுகிறார்கள். இளங்கோவின் நூலிலிருந்து பல இடங்களில் வேறுபடும் மறுபடைப்பு அது. எளிய மக்கள் செய்யுளாகவே கேட்கும் அந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யுளில் தாங்கமாட்டார்கள் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

கேள்வி: தந்தையும் கணவனும் போரில் இறந்த பிறகு ஒரே மகனையும் போருக்கு அனுப்பும் தாயைப் பற்றிய புறநானூற்றுப் பாடலைப் படித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றைய காலத்துக்கு ஏற்ப அதன் முடிவை மாற்றினால் என்ன?
(பதினோராம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி)

பதில்: பிடிக்கவில்லை என்று எழுதியதற்காக முதலில் பாராட்டு. ‘வீரத்தாய்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது.

நீங்கள் சொல்வது 279ஆவது பாட்டு, பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். (முதல் போரில் இறந்த ‘தன்ஐ’ என்பவரைத் தமையன் என்றும் தந்தை என்றும் இருவகையாக உரைக்கிறார்கள். புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுவதால் பழைய உரைகாரர் என்ன கொண்டார் என்று பார்க்க வழியில்லை.) பாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்: ‘கெடுக சிந்தை, கடிது இவள் துணிவே.’ இதைச் சொல்பவள் தாய் அல்லள். பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் திடுக்கிட்டுச் சொல்கிறார். ‘சிந்தை கெடுக’ என்பதில் வியப்பு இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. பறை கேட்ட தாயை ‘விருப்புற்று மயங்கி’ என்கிறார். அந்த ‘மயங்கி’யை எப்படிப் படிப்பது என்பதிலேயே ஒரு வகுப்பு நேரம் போய்விடும். பிறகு அவள் மகனின் பரட்டைத் தலையில் எண்ணெய் தடவுகிறாள். போருக்கு அனுப்பும் பாட்டில் எண்ணெய் தடவும் கை எதற்காக வருகிறது? ‘மகனே, போ! வென்று வா!’ என்று தாயே முழங்குவதாக எழுதப்படும் எளிய வடிவங்களில் பார்த்துநிற்கும் அந்த மனிதரும் இல்லை, அந்த எண்ணெயும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காமற்போனது பாட்டா, அத்தகைய வடிவம் ஒன்றா என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூலத்தைப் படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், முடிவை மாற்ற வேண்டாம். அதே தொகுப்பில் 248ஆவது பாட்டுக்குச் செல்லுங்கள். பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார், அதே ஊர்ப் பெயர் தாங்கியவர். கணவனை இழந்த பெண் ஒருத்தி வெள்ளாம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளமையில் அதன் இலை எங்களுக்கு உடுக்கும் தழை ஆயிற்று; இப்போதோ வேளை தப்பி உண்ணும் புல்லரிசி ஆகிவிட்டது என்கிறாள். எப்படி இறந்தான், எந்த அரசனுக்காக என்ற பேச்சே இல்லை. போருக்கு அனுப்பிய வீட்டில் பின்னர் என்ன மிஞ்சும் என்ற உங்கள் கேள்விக்கு, தொகுத்தவர்கள் இரண்டு பாட்டுகளையும் ஒரே நூலில் வைத்து விடை தந்திருக்கிறார்கள். 279ஐ மட்டும் பாடமாக வைத்து 248ஐ விட்டுவிட்டால் அது பாடநூல் குழுவின் தேர்வுக் குறை. அதற்குப் பாட்டைத் திருத்துவது மருந்தாகாது.

கேள்வி: குழந்தைகளுக்காக ஆத்திசூடிப் படப் புத்தகம் ஒன்று தயாரித்துவருகிறோம். ‘தையல்சொல் கேளேல்’ என்பதை இன்று எப்படி அச்சிடுவது? நீக்கிவிடலாமா, வேறு பொருள் சொல்லிச் சமாளிக்கலாமா?
(சிறுவர் நூல் பதிப்பாளர், சென்னை)

பதில்: வேறு பொருள் சொல்லிச் சமாளிப்பதுதான் இரண்டிலும் மோசமானது. அறிஞர்கள் வாதிட இடமுள்ள விளக்கங்கள் இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு அவற்றைச் சொல்வது நம் கூச்சத்தை மறைக்கவே உதவும். சிறு குழந்தைகளுக்கான நூல் என்றால் 109 வரிகளும் தேவையில்லை. முப்பதைத் தேர்ந்தெடுத்து, ‘தேர்ந்தெடுத்தவை’ என்று அட்டையில் வெளிப்படையாக அச்சிடுங்கள். அது நேர்மையானது.

பெரிய பிள்ளைகளுக்கு அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும், பக்கத்தில் பாரதியும் இருக்க வேண்டும். ஔவை ‘ஆறுவது சினம்’ என்றார். பாரதி ‘ரௌத்திரம் பழகு’ என்றார். அவர் ‘போர்த்தொழில் புரியேல்’ என்றார். இவர் ‘போர்த்தொழில் பழகு’ என்றார். அவர் ‘தையல்சொல் கேளேல்’ என்றார். இவர் ‘தையலை உயர்வு செய்’ என்றார். ஔவையின் ஒரு வரியையும் பாரதி திருத்தவில்லை. அதே அகர வரிசையில் ‘புதிய ஆத்திசூடி’ என்று தனியே ஒன்றை எழுதித் தம் பெயரைப் போட்டுக்கொண்டார். பழையதோடு சண்டையிடுவதற்குப் பழையது முழுதாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேற்சொன்ன மூன்று இணைகளில் இரண்டாவதில் மாணவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் பாரதி பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: அகப்பாடல்களையும் காமத்துப்பாலையும் பள்ளியில் தவிர்ப்பதே நல்லது அல்லவா? அல்லது நட்பு, குடும்பப் பாசம் என்று பொருள் மாற்றிக் கற்பிக்கலாமா?
(பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், சேலம்)

பதில்: இங்கிலாந்தில் 1807ஆம் ஆண்டு ஷேக்ஸ்பியரை இளையோருக்குத் தரும் இரண்டு முயற்சிகள் வெளிவந்தன. சார்லஸ் லாம், மேரி லாம் இருவரும் நாடகங்களை உரைநடைக் கதைகளாக எழுதினார்கள். மூலத்தின் சொற்களை இயன்றவரை உள்ளே கொண்டுவந்து, நாடகத்தைப் பின்னர் படிப்பதற்கு ஆயத்தம் இது என்று முன்னுரையிலேயே சொன்னார்கள். அந்த நூல் இன்றும் விற்கிறது. பவுட்லர் குடும்பத்தாரின் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ நாகரிகக் குறைவு என்று தாங்கள் கருதிய சொற்களை வெட்டி, மிச்சத்தை ஷேக்ஸ்பியர் என்றே தந்தது. வெட்டிச் சிதைப்பதற்கு அந்தக் குடும்பத்தின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

நமக்கு வெட்டும் தேவை இல்லை. 2,000க்கு மேற்பட்ட சங்கப் பாடல்களில் பெரும்பகுதி அகம்; வயதுக்கு ஏற்றவை ஏராளம். நற்றிணை 172இல் பெண்கள் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைக்கிறது, அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள், ‘இது உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை’ என்கிறாள் தாய். தங்கையின் நிழலில் நின்று காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் பெண். குறுந்தொகை 167இல் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவள் கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று உண்ண, அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்கிறது. இவற்றில் எதை நட்பு என்று மாற்றிச் சொல்வது? பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காதல் என்ற சொல் தெரியாது என்று நாம் நடித்தால், அவர்கள் நம்மை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். குறளின் 133 அதிகாரங்களில் காமத்துப்பாலுக்கு உரியவை 25. மேல்நிலை வகுப்பில் பிரிவைப் பாடும் குறள்கள் சிலவற்றை வைப்பதால் எந்த நெறியும் கெடாது.

கேள்வி: திருக்குறளை ராப் இசையில் பாடுகிறார்கள். இது அவமதிப்பு அல்லவா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் கம்பனின் கதையைக் கீர்த்தனங்களாக்கினார். இராமநாடகக் கீர்த்தனைகளை இன்று யாரும் அவமதிப்பு என்று சொல்வதில்லை. எதுகையும் மோனையும் தாளமும் உள்ள குறள் ராப் இசைக்கு எளிதில் இசையும். நான் கேட்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஏழு சீரும் முழுமையாகக் காதில் விழ வேண்டும். திறன்பேசித் திரையில் உலவும் போலிக் குறள்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதிகார எண் இல்லாத எதையும் மாணவர்கள் குறள் என்று ஏற்காமலிருக்கப் பழக்குங்கள்.

கேள்வி: புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீட்டைத் திறன்பேசியில் காட்டினால் விளக்கக் காணொளி வந்துவிடுகிறது. இனிச் செய்யுள் வகுப்புக்கு ஆசிரியர் எதற்கு?
(பெயர் வெளியிட விரும்பாத மாணவர், மதுரை)

பதில்: நீங்கள் ‘அளை என்றால் தயிரா, குகையா?’ என்று கேட்டால் காணொளி திரும்பிப் பதில் சொல்லாது. (இரண்டும் உண்டு.)

கேள்வி: நாங்கள் டொராண்டோவில் வசிக்கிறோம். பத்து வயது மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மூலத்தை அப்படியே தர வேண்டும் என்ற தங்கள் கொள்கை எங்களுக்குப் பொருந்துமா? எதில் தொடங்குவது?
(வாசகி, கனடா)

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். மெதுவாகப் படிக்கும் குழந்தைக்கு நீண்ட எளிய உரைநடையைவிடச் சிறிய மூலமே இலகுவானது; மூன்று முதல் ஆறு அடி கொண்ட ஐங்குறுநூற்றுப் பாட்டை அவள் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவாள், முடித்தோம் என்ற நிறைவும் கிடைக்கும். முதலில் காதுக்குக் கொடுங்கள். நீங்கள் படியுங்கள், அவள் கேட்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். எழுத்து கடைசியில் வரட்டும்.

ஆத்திசூடி வரிகளோடு நற்றிணை 110இன் முதற்பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறு கோலை ஓங்கி ‘உண்’ என்று நரைத்த கூந்தல் செவிலியர் துரத்த, சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி ஏய்க்கும் சிறுமி அதில் வருகிறாள். பால் குடிக்க மறுத்து ஓடுவதை உங்கள் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியிராது. அந்தச் சிறுமியே வளர்ந்து, கணவன் வீட்டில் வறுமை வந்தபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள் என்னும் பிற்பகுதியை இன்னும் சில ஆண்டுகள் கழித்துச் சொல்லலாம். அப்போது, ஏன் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை என்று மகள் சண்டைக்கு வருவாள்; வரட்டும்.

கேள்வி: எல்லாம் சரி. பாரதியே ‘எளிய பதங்கள், எளிய நடை’ வேண்டும் என்றாரே? தங்கள் வாதம் அதற்கு முரண் அல்லவா?
(கல்லூரி மாணவர், புதுச்சேரி)

பதில்: உங்கள் ஊரில் இருந்தபோது 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் அவர் அதைச் சொன்னார். தற்காலத்தில் புதிதாகக் காவியம் செய்பவனுக்கு அவர் விதித்த நெறி அது. ஓரிரண்டு வருஷத்து நூற்பழக்கம் உள்ளவர்க்கும் பொருள் விளங்க வேண்டும் என்றவர், காவியத்துக்கு உள்ள நயங்கள் குறைவுபடக் கூடாது என்பதையும் அதே இடத்தில் சேர்த்தார். வியாசரையோ வில்லிபுத்தூராரையோ எடுத்துச் சொற்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கூறவில்லை. புதுக் காவியம் எழுதக்கூடியவர் எழுதட்டும், அதையும் பாடமாக வைப்போம். பாடநூலில் பெயரற்ற எவரோ எழுதிய பொழிப்பைக் கபிலர் பாட்டு என்று சொல்லிக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: எவ்வளவு புதுமையாகக் கற்பித்தாலும் இறுதியில் தேர்வு பழைய தேர்வுதானே? தாங்கள் வினாத்தாள் அமைத்தால் செய்யுள் பகுதியில் என்ன கேட்பீர்கள்?
(மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், நாகப்பட்டினம்)

பதில்: பாட்டை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுவேன். பாடத்தில் இல்லாத குறுந்தொகைப் பாட்டு ஒன்றைச் சந்தி பிரித்து, நான்கு அருஞ்சொற்களுக்குப் பொருள் தந்து, யார் யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல்லால் அது தெரிகிறது என்று கேட்பேன். வழக்குரை காதையின் அடிகளைத் தந்து, வழக்கு எந்த அடியில் திரும்புகிறது, ஏன் என்று பத்து வரியில் எழுதச் சொல்வேன். காவற்பெண்டின் பாட்டையும் அதன் இக்கால வடிவம் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து, பின்னதில் இல்லாதது எது என்பேன். ஔவை வரி, பாரதி வரி இரண்டைத் தந்து ஒரு பக்கம் நின்று வாதிடச் சொல்வேன். எந்தப் பக்கம் நின்றாலும் முழு மதிப்பெண் உண்டு.

மனப்பாடப் பகுதியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், ஏனெனில் நினைவில் நிற்கும் பாட்டு வயதுக்கு ஏற்பப் பொருள் மாறி வளரும். ஆனால் அதை அடிபிறழாமல் எழுதச் சொல்லி ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பதைவிட, ஆங்கிலப் பாடத்தின் பேச்சுத் தேர்வைப் போல ஆசிரியர் முன் நின்று ஓசையுடன் சொல்ல வைத்து மதிப்பெண் இடலாம். நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு பாடவேளை போதும்.